நோ மோர், ஒன்ஸ் மோர்

ஆன்ட்டி,

உங்கள் பிளாஸ்க் இப்போது என்னிடம் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை அங்கிள் வாசலில் வந்து நின்று, "உன்கிட்டயே இருக்கட்டும்மா, எங்க வீட்டுல இனி யாரு மோர் குடிக்கப் போறா" என்று நீட்டினார். கழுவிக் கழுவிப் பார்த்துவிட்டேன், பெருங்காயம் போகவில்லை. மூடியைத் திறந்தால் கார் முழுக்க நீங்கள்தான். சாவியைத் திருப்புவதற்கு முன்பே அசதியாக இருக்கிறது. பத்தொன்பது வயதில் இப்படி அசதி வருமா என்று கேட்கலாமென்றால், எனக்குத் தெரிந்த ஒரே மயக்க மருந்து டாக்டரான நீங்களும் இல்லை.

வெஸ்ட் வின்ட்சர் அபார்ட்மென்ட்டில் நாம் எதிரெதிர் வீடு. அங்கிளுக்குச் சத்தம் ஆகாது, உங்களுக்கு ஹைவே ஆகாது. எனக்கு லைசென்ஸ் கிடைத்த புதிது. "கச்சேரிக்கு ஆன்ட்டிக்குத் துணையா போடி" என்று அம்மா அனுப்பினாள். யாருக்கு யார் துணை என்பது இன்றுவரை தீராத வழக்கு.

நீங்கள் உயிராக நினைத்த அந்த இங்கிலீஷ் ராக் பேண்ட் உங்களிடம் வந்தது மதுரை மெடிக்கல் காலேஜ் ஹாஸ்டலில், யாரோ பதிவுசெய்து கொடுத்த ஒரு கேசட்டாக. அதைக் கேட்டுக்கொண்டேதான் பரீட்சைக்குப் படித்தீர்களாம். பிறகு அமெரிக்கா வந்து, இங்கேயும் பரீட்சைகள் எழுதி, நைட் டியூட்டியெல்லாம் பார்த்து முடித்து நிமிர்ந்தபோது, ஸ்டேடியங்களில் பாடிக்கொண்டிருந்தவர்கள் ஓட்டல் ஹாலுக்கு இறங்கியிருந்தார்கள். மாலில் அவர்களுடைய சிடிகள் தள்ளுபடிக் கூடையில் கிடந்தன. நீங்கள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அவற்றை அள்ளி முன்வரிசையில், அந்த வாரத்து ஹிட் பையன்களின் முகங்களை மறைத்து அடுக்கினீர்கள்.

"ஆன்ட்டி, ராக் காலம் முடிஞ்சு போச்சு. இப்ப அவங்களுக்கு ராகு காலம்."

"வாயை மூடுடி, வாலு. எவனாவது வரானா பாரு."

கடலோர ஓட்டலில் நடந்த அந்தக் கச்சேரியை மறக்க முடியவில்லை. பாதிக்கு மேல் காலி நாற்காலிகள். சுவருக்கு அந்தப் பக்கம் சூதாட்ட மெஷின்கள் கிணுகிணுவென்று டிரம்ஸை விட நன்றாக வாசித்துக்கொண்டிருந்தன. உங்களுக்கு ரொம்பப் பிடித்த பாட்டு வந்தது. "மேல எட்டலைன்னு சுருதியை இறக்கிட்டான்டி" என்று என் காதில் முணுமுணுத்தீர்கள். முணுமுணுத்த அதே வாயால், பாட்டு முடிந்ததும் எழுந்து நின்று, மதுரை ஆடிட்டோரியத்தில் கத்துவதைப் போலக் கத்தினீர்கள்: "ஒன்ஸ் மோர்!"

இந்த ஊரில் யாரும் அப்படிக் கேட்பதில்லை. பாடகர் காதுக்குப் பின்னால் கையை வைத்துப் பார்த்தார். அவருக்கு அது "நோ மோர்" என்று கேட்டிருக்கிறது. "புரியுது மேடம்" என்று மைக்கிலேயே சொல்லிச் சிரித்தார். சிரிப்பு கண்வரை போகவில்லை. மிச்சமிருந்த ஒரு பாட்டைப் பாடாமலேயே கித்தாரைக் கழற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

திரும்பும் வழியில் "இத்தனை வருஷம் கழிச்சு நேர்ல பார்த்து, போதும் நிறுத்துன்னு சொல்லிட்டு வந்திருக்கேனேடி" என்றீர்கள்.

"மோர்னு கேட்டதுதான் தப்பு ஆன்ட்டி. தயிர்னு கேட்டிருந்தா கெட்டியா கேட்டிருக்கும்."

நீங்கள் சிரிக்கவில்லை. விஷயம் பெரிது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அடுத்த கோடையில், பேண்ட் கலைகிறது, கடைசி நிகழ்ச்சி திருவிழாச் சந்தை மாதிரியான ஒரு கவுண்டி ஃபேரில் என்று பேப்பரில் மூலையில் போட்டிருந்தார்கள். அதற்குள் உங்களுக்கு ட்ரீட்மென்ட் தொடங்கியிருந்தது. தலையில் ஸ்கார்ஃப். அங்கிள் வேண்டாம் என்றார், அம்மாவும் வேண்டாம் என்றாள். நீங்கள் மோர் பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு காரில் ஏறி உட்கார்ந்துவிட்டீர்கள். "அதைச் சரி பண்ணாம எனக்குத் தூக்கமே வரலைடி. ஊரையே தூங்க வைக்கிறவ நானு."

"என்கோர்னு கத்துங்க ஆன்ட்டி. அதுதான் இங்க புரியும்."

"அதுக்கு வேற பாட்டு பாடுவான். எனக்கு அதே பாட்டுதான் வேணும்."

பன்றி ஓட்டப் பந்தயம் நடக்கும் கூடாரத்தில் மேடை. இரண்டு பந்தயங்களுக்கு நடுவே பாட்டு. புல்லில் ஈரம், காற்றில் எண்ணெய்ப் பலகார வாசனை, பெஞ்சுகளில் கால் வலிக்கு உட்கார வந்தவர்கள். உங்கள் பாட்டு முடிந்ததும் நான் ஓடினேன். ஒரு மூலையில் நின்று தாத்தா குரலில் "ஒன்ஸ் மோர்!" இன்னொரு மூலையில் குழந்தைக் குரலில். சோடாக் கடைக்குப் பின்னாலிருந்து எங்கள் பி.டி. மாஸ்டர் குரலில். தனியாளாகக் கூட்டம் சேர்த்தேன்.

பாடகர் கண்ணுக்கு மேல் கையை வைத்துத் தேடினார். நீங்கள் எழுந்தீர்கள், ஸ்கார்ஃபைச் சரிசெய்துகொண்டு ஒவ்வொரு சொல்லாக இங்கிலீஷில் சொன்னீர்கள்: "அதே பாட்டு. இன்னொரு தடவை."

"இப்பதானே மேடம் பாடினோம். ரொம்ப டயர்டா இருக்கோம்" என்று கெஞ்சினார்.

"நானும்தான் டயர்டா இருக்கேன். பாடுங்க."

உங்களை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு டிரம்ஸ்காரரிடம் தலையசைத்தார். இரண்டாவது தடவை முதல் தடவையை விட மோசம், சத்தியமாக. அந்த உச்ச இடம் வந்ததும் மைக்கை உங்கள் பக்கம் நீட்டினார். உங்களுக்கும் எட்டவில்லை. இரண்டு பேரும் எட்டாமலேயே நின்று சிரித்தீர்கள். இந்த முறை அவர் சிரிப்பு கண்வரை போனது. அதற்குள் ஒரு ஆள் பன்றிகளை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

காரில் ஏறிய ஐந்தாவது நிமிடம் பிளாஸ்க்கை மடியில் அணைத்துக்கொண்டு தூங்கிப்போனீர்கள். நான் ரேடியோவைக்கூடப் போடவில்லை.

இன்று போட்டேன். பழைய பாட்டு ஸ்டேஷனில் அதே பாட்டு, சுருதி இறக்காத காலத்துப் பதிவு. அந்த உச்ச இடத்தை அலட்சியமாகத் தொட்டுவிட்டுப் போனார். முடிந்ததும், காலி பார்க்கிங் லாட்டில் உட்கார்ந்தபடி, தாத்தா குரலில் "ஒன்ஸ் மோர்!" என்று கத்தினேன். குழந்தைக் குரலில் கத்தினேன். மெத்தை விளம்பரம் வந்தது.

கடைசியாக என் சொந்தக் குரலில் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன் ஆன்ட்டி. சுருதியை ரொம்பவே இறக்க வேண்டியிருந்தது.