பின்விரல் நகம்

2094 டிசம்பர் 11, காலை 6.10
உப்பளத்து வடகரைக் கோபுரம். எழுதுபவர் தையல்நாயகி, பறவை அடையாளப் பிரிவு. தனி ஆள்.

இதைப் படிப்பவருக்கு: இங்கே இரண்டு வகை நெட்டைக்காலிக் குருவிகள் உண்டு. இரண்டும் பழுப்பு, மார்பில் கோடு; காலின் பின்விரல் நகம்தான் வேறு, வலசை வருபவனுக்கு நீளம். உள்ளூர்க்காரன் அப்பாவி. வலசை வருபவனின் இறகுத்தூசியில் நுரையீரல் காய்ச்சல் இருக்கிறது. அவன் வந்தால் ஒன்பது கிலோமீட்டர் தெற்கே உள்ள குடியிருப்பின் காற்றுச் சாளரங்களை மூட வேண்டும். உள்ளே 212 பேர். மூடினால் ஐந்து நாள்தான் காற்று. அதனால் பொய் எச்சரிக்கை கூடாது.

பழுப்புக் குருவி என்றால் படம் பார்த்துப் பெயரிடும் இயந்திரம் தடுமாறும். ஆகவே ஒரே படத்துக்கு இரண்டு மனிதர்கள் தனித்தனியே பெயரிடுகிறோம். இரண்டும் 'வலசை' என்றால்தான் சாளரம் மூடும். படம் போனதும், இரண்டு பெயரும் வரும்வரை கோபுரத்தின் பேச்சுத்தொடர்பே அறுந்துவிடும். பெயர்கள் முரண்பட்டால் மேலும் ஒரு மணி நேரம் பேச முடியாது. ஒருவர் மற்றவரைக் கெடுக்கக் கூடாதல்லவா? விதியை எழுதியது நான்தான். பெருமையாகவே எழுதினேன்.

இன்று ஒன்பது படம். எல்லாம் உள்ளூர்.

டிசம்பர் 14, காலை 7.00
முப்பத்தொரு படம். மழையில் புல் வளர்ந்து கால்களை மறைக்கிறது. எல்லாம் உள்ளூர். குடியிருப்பிலிருந்து பெயரிடும் சகாயராஜும் முப்பத்தொன்றுக்கும் அதையே சொல்லியிருக்கிறான். வீட்டில் இருபது நாள் குழந்தையை வைத்துக்கொண்டு இவ்வளவு கச்சிதமா? பரவாயில்லையே.

டிசம்பர் 17, காலை 9.20
கச்சிதமாவது மண்ணாவது. நேற்று ஒரு வானம்பாடிக்குக் கை தவறி 'உள்ளூர் நெட்டைக்காலி' என்று அழுத்திவிட்டேன். அவனும் அதையே சொல்லியிருக்கிறான். கூப்பிட்டுக் கேட்டேன்.

"அக்கா, பாப்பா தூங்கவே விடமாட்டேங்குறா. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு பதிவேட்டைத் தொறந்து பாத்து, அதையே போட்டுட்டேன்."

"எம் பதிலையே திருப்பிச் சொல்ல நீ எதுக்குடா? எனக்கு ஒன் கண்ணுதான் வேணும்."

"புள்ள மேல சத்தியம்க்கா. இனிமே பாக்கமாட்டேன்."

அழுதுவிட்டான். கொஞ்சம் அதிகமாகத்தான் திட்டிவிட்டேன்.

டிசம்பர் 19, காலை 7.05
கண்ணாடியில் மோதி ஒரு நெட்டைக்காலி செத்துக் கிடக்கிறது. கையுறையோடு எடுத்துக் காலைப் பார்த்தேன். பின்விரல் நகம் விரலைவிட நீளம். வலசை.

7.11
பழைய படங்களைப் பெரிதாக்கினேன். ஐந்தில் புல்லுக்கு நடுவே நகம் தெரிகிறது. நீளம். நான் காலையே பார்க்கவில்லை. இந்த இடத்தில் உள்ளூர்க்காரன்தான் இருப்பான் என்று இடத்தைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறேன். பயிற்சிக்கு வருபவர்களிடம் இதைச் செய்யாதீர்கள் என்று முதல் நாளே சொல்வேன். வெட்கமாக இருக்கிறது.

7.14
இன்றைய படம் ஒன்றை 'வலசை' என்று அனுப்பிவிட்டேன். பழக்கத்தில் கை முந்திக்கொண்டது. முதலில் அவனைக் கூப்பிட்டிருக்க வேண்டும். இப்போது தொடர்பு அறுந்துவிட்டது.

7.31
அவன் பதில்: உள்ளூர்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டான். என் பதிலைப் பார்க்கவில்லை. இத்தனை நாளாக என்னிடமிருந்து கற்றதை வைத்து, அவன் கண்ணால் பார்த்துச் சொல்லியிருக்கிறான்.

முரண்பாடு. சாளரங்கள் திறந்தே இருக்கின்றன. 8.31 வரை பேச முடியாது. சேற்றில் நடந்தால் மூன்று மணி நேரம்.

7.40
நாற்பது நெட்டைக்காலிகள் எழும்பித் தெற்கே போய்விட்டன. சாளரத்து வெதுவெதுப்பில் பூச்சிகள் மொய்க்கும். அங்கேதான் போகும்.

தொடர்பு விசையை உடைத்துப் பார்த்தேன். கை கிழிந்ததுதான் மிச்சம்.

7.58
ஆறாம் சாளரத்துக் கேமரா தானாகப் படம் அனுப்பியிருக்கிறது. 'பெயரிடவும்' என்கிறது திரை.

இத்தனை நாளில் இவ்வளவு தெளிவான படம் வந்ததில்லை. வலைக்கம்பியைப் பிடித்திருக்கும் கால். பின்விரல் நகம், நுனி வரைக்கும்.

வலைக்கு அந்தப் பக்கம் சகாயராஜ். வேலை முடிந்த முகம். குழந்தையைத் தூக்கிப் பிடித்துக் குருவி காட்டுகிறான்.

வலசை என்று அழுத்தினேன்.

8.02
இரண்டாவது பெயருக்காகக் காத்திருக்கிறது, என்கிறது திரை.

8.03
சகாயம், மேசைக்குப் போடா

8.04
காத்திருக்கிறது