பொறுப்பு வரணும்ல

ஜூன் 3
அண்ணன் முதல்முறையாக நான் சொன்னதைக் கேட்டார். சின்னச் சின்ன வீட்டு வேலை கொடுத்தால் பிள்ளைகளுக்குப் பொறுப்பு வரும் என்று கல்லூரியில் படித்ததை, சாப்பிடும்போது தலை நிமிராமல் சொன்னேன்.
"நம்ம வீட்டுல ஒரே பட்டதாரி. சொன்னா சரியாத்தான் இருக்கும்."
எனக்குக் காது சூடாகிவிட்டது. அவர் மகள் குட்டிக்கு ஏழு வயது. இனி துணி மடிப்பதும், தன் தட்டைக் கழுவுவதும், தம்பியைப் பார்த்துக்கொள்வதும் அவள் வேலை.

ஜூன் 9
தட்டில் எண்ணெய்ப் பிசுக்கு. அண்ணன் அறைந்த வேகத்தில் குட்டி சுவரில் போய் மோதினாள்.
"உங்க அத்தைதானே சொன்னா? பொறுப்பு வரணும்ல!"

ஜூன் 10
கன்னத்தில் விரல்கள் தெரிகின்றன. பள்ளிக்கு அனுப்பவில்லை.

ஜூன் 17
கண்ணாடி ஜாடியை உடைத்துவிட்டாள். பயத்தில் சில்லுகளைப் பள்ளிப் பைக்குள் அள்ளிப் போட்டு, உள்ளங்கை கிழிந்துவிட்டது. கட்டுப் போடும் முன்பே பெல்ட். நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன் — அவள் அலறல் என் காதில் விழக் கூடாதாம். எனக்கெதுக்கு பட்டம்?

ஜூன் 21
தம்பி பாலைக் கொட்டிவிட்டான். குட்டி ஆணியில் தொங்கிய பெல்ட்டை எடுத்து அவனை விளாசினாள். "பொறுப்பு இருக்காடா உனக்கு? இருக்கா?" ரெண்டு வயசு அவனுக்கு!
அண்ணன் பெல்ட்டைப் பிடுங்கி அவள்மேல் ஓங்கினார். "யாருகிட்டடி கத்துக்கிட்ட?"
கேட்க எப்படி வாய் வந்தது? நடுவில் போய் நின்றேன். கொக்கி என் புருவத்தைக் கிழித்தது.
"தள்ளுடி! படிச்ச திமிரா?"
"ஆமாண்ணா. திமிருதான்."
அவர் கையைக் கடித்தேன். நானா? நான்தான். வாயில் ரத்தம் கரித்தது. விடவில்லை.
பெல்ட் விழுந்தது. தையல் மெஷினைவிட்டு எழுந்து வந்தார் அண்ணி. காகிதம்கூட வெட்டவிடாத தன் துணிக் கத்தரியால் அதைத் துண்டு துண்டாக நறுக்கினார்.
"இனி எம்புள்ளைங்கமேல கை வச்சா, அடுத்தது உங்க கைதான்."

ஜூன் 22
புருவத்தில் தையல். அலுவலகத்தில் கேட்டார்கள். படியில் விழுந்தேன் என்று சொல்லவில்லை. "அண்ணன் அடிச்சார்" என்றேன்.

ஜூலை 5
துவைத்த துணிகள் குவிந்துகிடந்தன. "நான் மடிக்க மாட்டேன்" என்றாள் குட்டி, அண்ணன் எதிரிலேயே. அவர் ஒரு சட்டையை எடுக்கக் கை நீட்டினார். அவள் சட்டென்று முகத்தை மூடிக்கொண்டாள். நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு அந்தச் சட்டையோடு தள்ளிப்போய்த் தரையில் உட்கார்ந்தார்.
"இத எப்படிம்மா மடிக்கணும்?"
அவள் இன்னும் முகத்திலிருந்து கையை எடுக்கவில்லை. அவரும் எழுந்திருக்கவில்லை.