பாறை நகரத்தில் ஒரு படம்

மச்சான்,

இப்போது நான் எழுதப்போவதை ஈரேழு உலகத்திலும் ஒருவரும் நம்பப்போவதில்லை. நீ போய்ச் சேர்ந்த இடத்திலும் நம்பமாட்டார்கள். உன்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் சிரித்தே காரியத்தைக் கெடுத்துவிடுவாய்.

இன்று இங்கே சுவிஸில், சூக் நகர ரயில் நிலையத்துக்கு முன்னால், பயண முகவரின் கண்ணாடியில் பெட்ராவின் படம் தொங்கியது. பாலைவனத்து மலையைக் குடைந்து செய்த அதே சிவப்பு மாளிகை. என் கால் நகரவில்லை. ரயில் போய்விட்டது.

தொண்ணூறுகளின் நடுவில், ஒரே உணவகத்தில் சட்டி கழுவியவர்கள் நாம். அகதிப் பயணப் பத்திரத்தோடு உலகம் சுற்றலாம், ஊருக்கு மட்டும் போகமுடியாது. உன் தங்கச்சி ஜோர்தானில் வீட்டு வேலை. அந்த வீட்டுக்காரர் பெட்ரா பார்க்க வரும் நாளில், மாளிகை வாசலில் உன்னைச் சந்திக்க அவளுக்கு ஒரு மணித்தியாலம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். பாவாடை சட்டையில் விட்டுவந்தவளைப் பார்க்கத்தான் நீ என்னையும் இழுத்துக்கொண்டு பறந்தாய்.

முதலில் நீண்ட பாறை இடுக்கு. "எங்கட முதலாளி வந்தால் வயிறு சிக்கி இங்கயே சிலையாயிடுவார்," என்றாய். இடுக்கு முடிந்ததும் மாளிகை எழுந்து நின்றது. அதன் உச்சியில் சூரியனே தலையை இடித்துக்கொண்டது. ஒட்டகம் ஒன்று என்னைக் கண்டு எழும்பி, "வாங்கோ அண்ணை, பயணம் எப்பிடி?" என்று சுகம் விசாரித்தது.

"அவள் வர முதல் ஒரு படம் எடு மச்சான், அம்மாவுக்கு அனுப்பவேணும்," என்றாய்.

கமராவைத் தூக்கினேன். தலையை மூடிய மெலிந்த பெண் ஒருத்தி, யாருடைய குழந்தையையோ இடுப்பில் வைத்தபடி குறுக்கே நின்றாள். நீ ஜேர்மன் மொழியில் ஏதோ சொல்லி, விலகும்படி கைகாட்டினாய். எடுத்தேன்.

"அண்ணை, படம் எடுத்தாச்சோ? இனி நான் வரலாமோ?"

அந்தத் தமிழைக் கேட்டு மாளிகை பொடிப்பொடியாக இடிந்து விழுந்தது. கமரா மணலில். நீ ஓடிப்போய் அவளின் தோளைப் பிடித்தாய்.

"ஏனடி சொல்லேல்லை?"

"தெரிஞ்சுகொண்டு பகிடி விடுறியள் எண்டு நினைச்சன். பிறகுதான் உங்கட முகத்தைப் பார்த்தன்."

மிச்ச நேரம் நீங்கள் இருவரும் அழுத கண்ணீரில் பாலைவனத்தில் ஆறு ஓடியது. நான் நீந்தித்தான் கரையேறினேன்.

சரி, ஒட்டகம் கதைக்கவில்லை. மாளிகையும் இடியவில்லை. ஆறும் ஓடவில்லை. ஆனால் நீ கைகாட்டியதும், ஏன் என்று ஒரு சொல் கேட்காமல், பழகிப்போனவள் மாதிரி, குழந்தையோடு அவள் தள்ளி நின்றாளே, அது உண்மை. நீ போனபிறகு அதைத் தனியாகச் சுமக்கிறேன், மச்சான்.