பன்னிரண்டு வான்கோழிக் குஞ்சுகளும் ஒரு சாக்கும்

3 நவம்பர் 2025, திங்கள். நகரி

நாற்பத்திரண்டு வயதில் பன்னிரண்டு வான்கோழிக் குஞ்சுகளுக்கு அம்மாவாகிவிட்டேன்.

பலமனேர் பக்கத்துப் பண்ணையிலிருந்து ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, சித்தூரில் பஸ் மாறி வந்து சேர்ந்தேன். கண்டக்டர் “லோபல ஏமுந்தி அம்மா?” என்று உள்ளே இருப்பதைத் தெலுங்கில் கேட்டுப் பெட்டியைத் தட்டினார். கோழிக்குஞ்சு என்று சொல்லியிருந்தால் போயிருப்பார். நான் பெருமையாக “டர்க்கி” என்றேன். முன் சீட்டு, பின் சீட்டு எல்லாம் எட்டிப் பார்த்தது. “கிறிஸ்துமஸுக்கா?” என்று ஒருவர் கேட்டார்.

இல்லை ஐயா, சத்தியவேட்டுக்குக் குடிபோகாமல் இருப்பதற்கு.

இதை இந்த நோட்டில் மட்டும்தான் எழுத முடியும். என் வீட்டுக்காரர் தரணி ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். நாலு வருஷமாக சத்தியவேட்டில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறார். சனிக்கிழமை வருவார், ஞாயிறு சாயங்காலம் போவார். மகள் அக்ஷயா திருப்பதியில் ஹாஸ்டலில். போன மாதம் அவர், “ரெண்டு ரூம் வீடு ஒண்ணு பாத்துகீறேன் நளினி. தை பொறந்தா வந்துடு” என்றார். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. “நான் வான்கோழி வளக்கப் போறேனே” என்று வந்தது. அன்று காலையில் யூட்யூபில் பார்த்த வீடியோ. மற்றபடி நான் ஜென்மத்தில் ஒரு வான்கோழியை நேரில் பார்த்ததில்லை.

5 நவம்பர், புதன்

தின்ன மாட்டேன் என்கின்றன. மாட்டேன் என்பது கூட இல்லை, தெரியவில்லை. தீவனத்தின் மேலேயே நின்றுகொண்டு பசியில் கத்துகின்றன.

எதிர்வீட்டு ஸ்ரீதேவி, என்னிடம் தைக்கக் கொடுத்த ப்ளவுஸை வாங்க வந்தவள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “அக்கா, இதுங்களுக்குத் துன்னவே தெரியலயே! நீதான் துன்னு காட்டணும் போல.”

உண்மைதான். தட்டில் விரல்நுனியால் கொத்திக் கொத்திக் காட்டினால் பார்த்துக் கொத்துகின்றன. விரலை எடுத்தால் மறந்துவிடுகின்றன. வேகவைத்த கோழிமுட்டையையும் வெங்காயத் தாளையும் பொடியாக நறுக்கி வைத்து, மதியம் முழுக்கக் குந்திக்கொண்டு கொத்தினேன். ஸ்ரீதேவியின் ப்ளவுஸ் ஒரு கையோடு மெஷினில் கிடக்கிறது.

6 நவம்பர்

ஒன்று போய்விட்டது. தண்ணீர்த் தட்டில் விழுந்திருக்கிறது. இரண்டு விரல் ஆழம்தான். ஆழம் பார்க்காமல் வைத்தது நான். இப்போது தட்டில் கூழாங்கல் போட்டிருக்கிறேன். ரொம்பச் சீக்கிரமாகத்தான் புத்தி வந்தது!

9 நவம்பர், ஞாயிறு

அவர் வந்துபோனார். அட்டை வளையத்துக்குள் பல்பு வெளிச்சத்தில் நிற்கும் பதினொன்றையும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

“இதுங்களுக்காகவா வரமாட்டேன்ற?”

“வளந்துட்டா வந்துடுவேன்.”

“எப்ப வளரும்?”

“ஏழெட்டு மாசம் ஆகும்.”

துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். சாயங்காலம் பஸ் ஏற்றிவிட்டு வந்து, டீ போட்டு, நாற்காலியில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்ததும் எனக்கு நீளமாக ஒரு மூச்சு வந்தது. ஒவ்வொரு ஞாயிறும் வருகிற மூச்சுதான். அவர் குடிப்பதில்லை, அடிப்பதில்லை, குரலை உயர்த்துவதுகூட இல்லை. அப்புறம் எனக்கு என்ன கேடு? இந்த வீட்டில் நானும் மெஷினும் ரேடியோவுமாக இருப்பது நன்றாக இருக்கிறது. அவ்வளவுதான். இதை எந்த வாயால் புருஷனிடம் சொல்வது? அதனால் பதினொரு வாய்களை வாங்கி வைத்திருக்கிறேன்.

11 நவம்பர்

காலையிலிருந்து மழை. சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். கரண்ட் போனது தெரியவில்லை. எழுந்து பார்த்தால் சூட்டுக்குப் போட்ட பல்பு அணைந்து, எல்லாம் குளிரில் ஒன்றின் மேல் ஒன்றாக ஒரே இடத்தில் குவிந்து கிடக்கிறதுங்க. பிரித்துப் பிரித்து எடுத்தேன். அடியில் இருந்த மூணும் நசுங்கிப் போச்சு.

எட்டு.

சாக்கு சொல்றதுக்கு உயிரை வாங்கிக்கினு வந்தா இப்டித்தான். நான் தூங்கிக்கினு கீறேன், அதுங்க செத்துக்கினு கீதுங்க. இன்னா பொம்பள நானு?

12 நவம்பர்

போனில் கேட்டார். “எல்லாம் நல்லாக் கீதுங்க” என்றேன்.

14 நவம்பர், வெள்ளி

நேற்றிலிருந்து கடும் ஜுரம். ஸ்ரீதேவி அவருக்குப் போன் போட்டுவிட்டாள். லீவு சொல்லிவிட்டு வந்துவிட்டார். முதலில் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் குஞ்சுகளை எண்ணினார். எண்ணிக்கை எட்டில் நின்றதும் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

16 நவம்பர்

சூப்பர்வைசர் என்றால் சூப்பர்வைசர்தான். தீவனம் எத்தனை மணிக்கு, தண்ணீர் எத்தனை மணிக்கு என்று கட்டம் போட்டு அட்டையில் ஒட்டிவிட்டார். கரண்ட் போனால் சுடுதண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி நடுவில் வைக்கிறார். எட்டும் அதை ஒட்டிக்கொண்டு தூங்குகின்றன. பன்னிரண்டையும் இவர் கையில் கொடுத்திருந்தால் பன்னிரண்டும் இருந்திருக்கும். அம்மாவாம் நான்!

18 நவம்பர், செவ்வாய்

ஜுரம் இறங்கிவிட்டது. கஞ்சி கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ஒண்ணு கேக்கட்டா நளினி? இதுங்க எல்லாமே செத்துப்போயிருந்தா வந்திருப்பியா?”

புதுப் பொய் ஒன்றும் கைவசம் இல்லை.

“இல்ல.”

“எம்மேல இன்னா கோவம்?”

“கோவம் இல்லீங்க. தனியா இருக்கறது எனக்கு நல்லாக் கீது.”

நாலைந்து நாளாக மழிக்காத தாடியைத் தடவிக்கொண்டார். அப்புறம் எழுந்து போய் தண்ணீர்த் தட்டைக் கழுவி வைத்தார். “மழை வந்தா பாட்டில் வெக்க மறந்துடாத” என்றார். பையை எடுத்துக்கொண்டு மத்தியான பஸ்ஸுக்கே போய்விட்டார்.

22 நவம்பர், சனி

வரவில்லை. “ஓவர்டைம்” என்று ஒரு வார்த்தை மெசேஜ்.

23 நவம்பர்

கேட்டது கிடைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமையும் எனக்கே. ரேடியோவை இரண்டு முறை போட்டு இரண்டு முறை நிறுத்தினேன். சிறகு முளைத்த எட்டும் குழாயடி வரை என் பின்னால் வரிசையாக வருகின்றன. அவற்றுக்குத் தெரிந்தது அவ்வளவுதான், பாவம்.

26 நவம்பர், புதன்

அவர் போன் செய்தார். “அந்த வீட்ட வேணாம்னு சொல்லிட்டேன்.”

“சரிங்க.”

“சரி.”

வைத்துவிட்டார். போனில் அக்ஷயாவிடம் அழுதேன். எல்லாம் கேட்டுவிட்டு, “அம்மா, தனியா இருக்கப் பிடிக்கும்னு சொன்ன சரி. அப்பாவப் பிடிக்கும்னு சொன்னியா?” என்றாள்.

சொல்லவில்லை. இருபது வருஷத்தில் ஒரு தடவைகூட. கேட்டால்தானே சொல்வது என்று இருந்துவிட்டேன்.

3 டிசம்பர், புதன். சத்தியவேடு

போன சனிக்கிழமையும் அவர் வரவில்லை. காலையில் குஞ்சுகளை ஸ்ரீதேவியிடம் ஒப்படைத்துவிட்டு பஸ் ஏறினேன். அவர் ரூமைக் கண்டுபிடித்து, அவருடைய ஷிஃப்ட் முடியும்வரை மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். நாலரைக்கு வந்தவர் என்னைப் பார்த்ததும் பயந்துவிட்டார்.

“இன்னா ஆச்சி? வான்கோழிங்க...?”

“எட்டும் நல்லாக் கீதுங்க. நெசமாவே.”

“அப்ப இன்னாத்துக்கு வந்த?”

வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வசனம் மறந்துபோனது. “உங்களப் பாக்கத்தான்” என்றேன். அவருக்குக் காது சிவந்துவிட்டது. சாவியை மூன்று தடவை தப்பாகப் போட்டார்.

ரூமில் ஒரு பாய், ஒரு குக்கர், ஒரு தட்டு. அவரே சோறு வடித்து, தக்காளி ரசம் வைத்தார். தட்டை எனக்குக் கொடுத்துவிட்டு, குக்கர் மூடியைக் கவிழ்த்து அதில் போட்டுக்கொண்டு சாப்பிட்டார். ரசம் ஓரத்தில் ஒழுகியது.

“எப்ப போற?”

“நாளைக்குக் காலைல.”

ஒழுகிய ரசத்தைத் துடைத்தார். “ஓவர்டைம் பண்ணதுக்கு நாளான்னிக்கு எனக்கு லீவு. அன்னிக்கு ரெண்டு பேருமா நகரிக்குப் போலாமே.”

“சரி” என்றேன். ஸ்ரீதேவிக்குப் போன் போட்டு இன்னும் ஒரு நாள் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.

கடை மூடுவதற்குள் இன்னொரு தட்டு வாங்கி வருகிறேன் என்று அவர் இப்போதுதான் படி இறங்கிப் போனார்.