முதல் வாரத்துக் கணிப்பு

ஐப்பசி, ஞாயிறு இரவு

இன்று தேன்மொழி கடைக்கு வந்தாள். எங்கள் பள்ளிக் கால்பந்து அணியின் கோல்கீப்பர். நான் படிப்பை நிறுத்திவிட்டு சிதம்பரத்தில் இந்த டிவி கடையில் சேர்ந்த பிறகு அவளை இப்போதுதான் பார்க்கிறேன். கையில் அணியின் பழைய நோட்டு. ஒவ்வொரு வருடமும் டிவியில் வரும் கால்பந்து லீக் தொடங்கி முதல் வாரம் முடிந்ததும், கோப்பை யாருக்கு என்று எல்லோரும் அதில் எழுதுவோம். இந்த முறை என்னை விட்டுவிடுவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

"மேட்ச்செல்லாம் பாத்தியாடி?" என்றாள்.

பார்த்தேன். கடையின் பன்னிரண்டு டிவியிலும், சத்தமில்லாமல். நீலச் சட்டை அணி இரண்டு ஆட்டத்திலும் வென்றது. ஆனால் பந்து பறிபோனால் பின்னால் ஆளே இல்லை. பச்சைச் சட்டை அணி இரண்டிலும் தோற்றது. ஆனாலும் அவர்களுடைய கீப்பர் வாயைத் திறந்தால் அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கிறார்கள். பச்சை என்று எழுதினேன்.

"கடைசியில கெடக்கிறவனுக்குப் போயி கப்பு குடுக்கிறியே!" என்று சிரித்தாள்.

மைதானத்தில் நான் பேசியதே இல்லை. பின்னாலிருந்து இவள் "எடது, எடது!" என்று கத்துவாள்; நான் ஓடுவேன். அந்தக் குரல் கேட்டால் பயமே இருக்காது.

இடப்பக்கத் தடுப்பில், என் இடத்தில், இப்போது யார் ஆடுகிறார்கள் என்று கேட்க நினைத்தேன். அதற்குப் பதில் நோட்டின் அணிப் பட்டியலைப் புரட்டினேன். அதிலேயே இருந்தது: லெஃப்ட் பேக், வினிதா. அதற்கு மேலே, கோடு போட்டு அடிக்காமல், லெஃப்ட் பேக் என்று என் பெயரும்.

மைதானத்தில் அந்த இடத்துக்கு ஒருத்திதான். நோட்டில் இரண்டு பேர் இருக்கிறோம்.