தாம்பூலப் பையில் வடகம்

இன்று காலை பார்சல் கட்டும் மேசையில் ஒரு பொட்டலம் பிரிந்துவிட்டது. வெங்காயமும் பூண்டும் விளக்கெண்ணெயும் வெயிலில் காய்ந்த வடக வாசனை அறை முழுக்க ஏறிக்கொண்டது. உதவிக்கு இருக்கும் பெண் ஜன்னலைத் திறக்கப் போனாள். இருக்கட்டும் என்றேன். உன்னை நினைக்காமல் அந்த வாசனையை என்னால் முகர முடிவதில்லை.

நாம் ஆரம்பித்தபோது, இணையத்தில் கடை என்றால் ஊரில் பாதிப் பேருக்குப் புரியாது. நம் ஊரில் உப்பளம் பகுதியில் உன் அண்ணன் வீட்டு முன்னறைதான் கடை. பிரான்சில் இருக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு வடகமும் மசாலாவும் அனுப்புவது திட்டம். இணையதளம் என் பொறுப்பு, சரக்கு உன் பொறுப்பு. பக்கத்தை எவ்வளவு அழகாகச் செய்தும் ஆர்டர் வரவில்லை. ஆவணி பிறந்தால் அறையை வாடகைக்கு விடப்போவதாக அண்ணன் சொல்லிவிட்டார். கடை போனால் நீ மறுபடியும் அந்தத் துணிக்கடையில் நாள் முழுக்க நிற்க வேண்டும். அதைச் சொன்னாலே உன் முகம் சுருங்கிவிடும்.

"கம்ப்யூட்டர்ல உக்காந்து கூப்புட்டா யாரு வருவா? அவங்க இங்க லீவுக்கு வர்றப்பதான் புடிக்கணும்" என்றாய்.

ஆனி மாதம் உன் சித்தி மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டாரில் பாதிப் பேர் பிரான்சிலிருந்து வந்திருந்தார்கள். தாம்பூலப் பையில் தேங்காய், வெற்றிலை பாக்கோடு இரண்டு உருண்டை வடகமும் நம் தளத்தின் முகவரிச் சீட்டும் வைக்கலாம் என்றாய்.

"கல்யாணப் பையில பூண்டு வாடையா? புத்தி கெட்டுப்போச்சாடி உனக்கு?"

"சீட்டத் தூக்கிப் போட்டுடுவாங்க. வாடைய எங்க போடுவாங்க?"

மெல்லிய துணியில் முடிந்து வைத்தாய். முந்தின நாளே பைகளை மணமகள் அறையில் அடுக்கிவிட்டோம், அதுதான் வினை. அந்த வெக்கையில் மறுநாள் முகூர்த்தப் பட்டே வடகமாக மணந்தது. பிரான்சிலிருந்து வந்த மாப்பிள்ளையின் பெரியம்மா பையைத் திறந்து மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இது கல்யாண மண்டபமா, கருவாட்டுக் கொழம்பு வெக்கிற அடுப்பங்கரையா? யாரு பண்ண வேல இது?"

நீ ஒளியவில்லை. "நான்தான் பெரியம்மா" என்று முன்னால் போய் நின்றாய். அவர் உன்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார். பலர் நாற்காலியிலேயே விட்டுப் போனார்கள். அவற்றைச் சிரித்துக்கொண்டே பொறுக்கினாய். ஆட்டோவில் ஏறியதும் அழுதாய். எனக்கு உன்மேல் கோபம், அந்த அம்மாள்மேல் அதைவிடக் கோபம்.

ஆடி முடியும் தறுவாயில், அறையைக் காலி செய்ய அட்டைப்பெட்டி தேடிக்கொண்டிருந்தபோது ஓர் ஆர்டர் வந்தது. பெயரைப் பார்த்துக் கத்தியது நீதான். அதே பெரியம்மா! ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டியிருந்தார். நான் சத்தமாகப் படித்தேன்.

"பெட்டியத் தொறந்தா சீலையெல்லாம் ஒன் வடகம். தோய்ச்சாலும் போவல. எங்க வூட்டுக்காரரு, தோய்க்காத வுடு, ஊர் வாசனைன்றாரு. ஒரு கிலோ அனுப்பு. பக்கத்து வூட்டுக்காரியும் கேக்குறா."

பக்கத்து வீட்டுக்காரிக்குப் பிறகு அவள் தங்கை, அப்புறம் அவர்கள் தெரு. அண்ணன் அறையைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார். அதன் பிறகு முகூர்த்த நாளென்றால் நீ மண்டபம் மண்டபமாகப் போய்ப் பைகளில் வடகம் வைத்துவிட்டு வருவாய், மணமகள் அறையை மட்டும் தவிர்த்து. இப்போது விளம்பரத்துக்கு எத்தனையோ வழி வந்துவிட்டது. எல்லாவற்றையும் செய்கிறேன். மண்டபத்தையும் விடவில்லை.

இன்று பிரிந்த பொட்டலம் அந்தப் பெரியம்மாவுக்குப் போக வேண்டியது. ஆர்டரோடு எழுதியிருக்கிறார்: "அந்தப் பொண்ண ரெண்டு உருண்ட கூடப் போடச் சொல்லு. நல்லாருக்காளா?"

நீ இறந்துபோன செய்தி அவருக்கு எட்டவில்லை. பதில் எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. நீ இல்லாதது எனக்கே இன்னும் பழகவில்லை, அவருக்கு எப்படிச் சொல்வேன்?

காற்றுப் புகாத உறையை உதவிப் பெண் நீட்டினாள். வேண்டாம் என்று மெல்லிய துணியில் முடிந்தேன், நீ போடுகிற அதே முடிச்சு. இரண்டு உருண்டை கூட வைத்தேன். அடுத்த வாரம் எழுதிச் சொல்லிவிடுவேன். இந்த ஒரு பார்சலை மட்டும் நீ கட்டியதென்றே அவர் திறக்கட்டும்.