சைகோனிலை கை நனைச்சது

7 திங்கள். சைகோன்.

புழுக்கம். பின்னேரம் மழை. நான் சொன்னதிலை இதுவரைக்கும் ஒண்டும் பிசகேல்லை. சுன்னாகத்திலை பெட்டி கட்டேக்கையே சொன்னனான்: மழை பெய்யும், அறை சின்னனாயிருக்கும், மருமேன் ஒரு சாப்பாட்டுக் கடைக்குத்தான் கூட்டிக்கொண்டு போவான், விசயம் அங்கைதான் முடியும். எட்டாம் வகுப்போடை நிண்டவன் சொன்னால் ஆர் கேக்கினம்.

விசயம்: அக்காவின்ரை ஒரே பெடியன் சுதன். அவுஸ்திரேலியாவிலை, மெல்பேணிலை வேலை. கட்டினால் கூடப் படிச்ச வியட்நாம் பெட்டை லானைத்தான் கட்டுவானாம். அக்கா ஒரு வருசமா ஓமும் இல்லை, மாட்டனும் இல்லை. அவன் ரெலிபோன் எடுக்கிறதும் குறைஞ்சுபோச்சு. அத்தான் இல்லாதபடியால் பெண் பாக்க தாய்மாமன் நான்.

பிளேனிலை அக்கா: "தம்பி, நீ வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரு. நான் ஓமெண்டு சொல்லுமட்டும் பெண் வீட்டிலை கை நனைக்கப்படாது. சாப்பிட்டால் சம்மதமெண்டு ஆயிடும்."

"எனக்கோ சொல்லித் தாறாய்?" எண்டன். நூறு கலியாணம் பேசி முடிச்சவன் நான்.

8 செவ்வாய்.

கடை பெட்டையின்ரை தேப்பன்ரை. பேர்போன கடையாம். றோட்டு முடியுமட்டும் கியூ, வெள்ளைக்காரரும் நிக்கினம். சும்மா சீனி குடுத்தாலும் எங்கடை ஊரிலை உவ்வளவு சனம் வராது.

கண்டது:
— கதிரை நேசறிப் பிள்ளையளின்ரை உயரம். முழங்கால் நாடியிலை முட்டுது.
— மேசையிலை ஒரு கட்டுப் பச்சை இலை. எங்கடை ஆடு திரும்பியும் பாக்காது. மனுசர் தின்னினம்.
— சூப்புக்கை நூடில்ஸ். உறைப்பில்லை, தேங்காய்ப்பால் இல்லை. காய்ச்சல்காரருக்குக் குடுக்கிற சாமான்.
— வெங்காயம் காயிதம் மாதிரிச் சீவியிருக்கு. சுன்னாகச் சந்தையிலை வெங்காயத் தரகு பாக்கிற எனக்கே உதைக் காட்டினம்!

தேப்பன் கட்டை மனுசன், ஏப்பிரனோடை வந்து சிரிச்சுப்போட்டு நிண்டார். பெட்டை எங்களைத் தமிழிலை "வாங்கோ" எண்டாள். சுதன் பழக்கியிருக்கிறான். அக்கா கல்லு மாதிரி. காலமை தொடக்கம் ஒண்டும் தின்னேல்லை, நானுந்தான். கோப்பை வந்தது. ஆவி பறக்குது. அக்கா முகத்தைத் திருப்பினவா.

"மாடோ?" எண்டு கேட்டன்.

"இல்லை மாமா, கோழி." எண்டான் பெடியன்.

அப்ப நடந்தது இதுதான். தேப்பன் வியாபாரத்தை நிப்பாட்டிப்போட்டு, முழுச் சனத்துக்கும் முன்னாலை என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். "ஐயா, பெரிய மனுசன் நீங்கள், ஒரு வாய்" எண்டு கெஞ்சுறார். பெட்டைதான் சுதனுக்குச் சொல்லி, அவன் எனக்குச் சொன்னவன். கண் கலங்கிப்போச்சு மனுசனுக்கு. மரியாதைக்கு ஒரு கரண்டி எடுத்தன். ஒரேயொரு கரண்டி.

அக்கா என்னையே பாத்துக்கொண்டிருந்தவா. பிறகு, "தாய்மாமனே கை நனைச்சாச்சு. இனி நான் என்னத்தைச் சொல்ல?" எண்டு லானின்ரை கையைப் பிடிச்சவா. சுதன் விக்கி விக்கி அழுதான். வளந்த எருமை.

9 புதன்.

வயிறு சரியில்லை. எல்லாம் அந்த இலையாலை. மத்தியானம் திரும்ப அதே கடை. ருசியில்லை எண்டதை உறுதிப்படுத்த வேணுமெல்லே. ரெண்டு கோப்பை. ருசியில்லைதான்.

13 ஞாயிறு. சுன்னாகம்.

நல்ல வெயில். சந்தையிலை என்னைச் சுத்திச் சனம். மரக்கறிக்காரத் தம்பு விடேல்லை.

"அண்ணை, பெண்ணின்ரை தேப்பன் உம்மடை காலிலையோ விழுந்தவர்?"

"விழப் பாத்தவர். நான்தான் தூக்கினனான்."

"காலமை கும்பிட்டவர் எண்டுதானே சொன்னனீர்?"

"கும்பிட்டுப்போட்டுத்தான் விழுந்தவர். நீ கண்டியோ?"

பொறாமை பிடிச்சவன். கொழும்புக் காலிமுகத்திடலைத் தாண்டி ஒண்டையும் காணாதவன்.

14 திங்கள். உடுவில்.

காலமை அக்கா வீட்டிலை. செத்துப்போன அத்தான்ரை தமையன் சண்டிலிப்பாயிலை இருந்து வந்து, முத்தத்திலை நிண்டு ஊர் கேக்கக் கத்தினார். நான் சந்தையிலை சொன்னது ஆர் ஆற்றையோ வாயாலை அவருக்கும் கேட்டுப்போச்சு.

"பேச்சு முடியமுன்னம் பெண் வீட்டிலை நக்கிப்போட்டு வந்தியளோ? என்ரை தம்பி இருந்தால் இது நடக்குமோ? ஒருத்தரும் கலியாணத்துக்கு வரமாட்டம், சொல்லிப்போட்டன்."

அத்தான் பக்கத்துச் சனம் வராட்டி அது கலியாணமே இல்லை. அக்காவின்ரை முகம் வெளிறிப்போச்சு. நான் வாயைத் திறந்தன். அவா முந்தியிட்டா.

"என்ரை தம்பி நக்கேல்லை. அந்த மனுசன் கடை முழுக்கப் பாக்கக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டவர். மாட்டன் எண்டு எழும்பியிருந்தால் உங்கடை தம்பிக்குத்தான் மரியாதைக்கேடு. நான் ரெண்டு கண்ணாலையும் கண்டனான். முருகன்மேலை ஆணை."

அக்கா முருகன்மேலை ஆணையிட்டதை நான் ஒருநாளும் கேட்டதில்லை. பெரியவர் செருப்பைக் கழட்டிப்போட்டு, "நாள் பாத்தாச்சோ?" எண்டுகொண்டு உள்ளை வந்தார்.

இது என்ரை கொப்பி, ஆரும் பாக்கப்போறதில்லை. அதாலை உள்ளதை எழுதுறன். ஒருத்தரும் கும்பிடேல்லை. தேப்பன் அந்நேரம் அடுப்படிக்கை. கோப்பை அக்காவுக்கு முன்னாலை வைச்சது. எனக்குப் பசி. நான்தான் இழுத்து அடிமட்டும் குடிச்சனான். அக்கா பக்கத்திலைதான் இருந்தவா.